அஞ்சல் தலையில் ஒரு சதாவதானி

அஞ்சல் தலையை அரபியர் 'தாபிஉ பரீத்' என்பர். 'தபஅ' என்னும் வினைச்சொல்லுக்கு முத்திரையிடுதல் என்பது பொருள். 'பரீத்' என்பது உமய்யாக்களின் ஆட்சியில் வழிநெடுகக் குதிரை மாற்றி மாற்றி ஓடிய அரசாங்க அஞ்சலின் பெயர். அரபு மொழி அதன் முத்திரையைக் கண்டு பெயரிட்டது. நம் தமிழோ அதிலிருந்த தலையைக் கண்டு பெயரிட்டுவிட்டது போலும்! அந்தத் தலைகளுள் ஒன்றைப் பற்றியே ஈண்டு எழுதத் துணிந்தோம்.

எம் அத்தா மர்ஹூம் அவர்கள் போடிநாயக்கனூரில் ஓர் ஏலக்காய் மண்டியில் கணக்கு எழுதியவர்கள். கான்பூரிலிருந்தும் டில்லியிலிருந்தும் பம்பாயிலிருந்தும் வியாபாரிகளின் கடிதங்கள் வரும். கடிதத்தை முதலாளி வாங்கிக்கொள்வார், உறை அத்தாவுக்கு. இரவில் அதனைத் தண்ணீர்க் கிண்ணத்தில் ஊறவைத்துத் தலையை உரித்துப் பழைய கணக்குத் தாளில் உலர்த்துவார்கள். அத்தாளெல்லாம் ஏலக்காய் மணக்கும். 1980 இல் தேவ்பந்த் தாருல் உலூமின் நூற்றாண்டு விழாவையொட்டி அரசாங்கம் அஞ்சல் தலை வெளியிட்டது. அது ஒட்டிய உறையொன்று வந்த நாள் எமக்கு இன்றும் நினைவிருக்கிறது. "இங்கே பாரத்தா! மதரஸாவுக்கு சர்க்கார் ஸ்டாம்பு அடிச்சிருக்கு" என்று விளக்கடியில் பிடித்துக் காட்டினார்கள். 1866 இல் ஒரு மாதுளை மரத்தடியில் ஓர் ஆசிரியரும் ஒரு மாணவரும் தொடங்கிய ஓதல் அது என்பதெல்லாம் அத்தாவுக்குத் தெரியாது. ஆயினும் எம்மை ஓத அனுப்புவதென்று அந்த விளக்கடியில்தான் முடிவாயிற்று.

ஓதிய இடத்தில் தமிழுக்கு மதிப்பில்லை. கடைத்தெருவுக்கும் கடிதத்துக்கும் உரிய மொழி என்றே அதனைக் கருதினர். தலையணைக்கடியில் யாம் வைத்திருந்த தமிழ்ச் செய்யுள் நூலொன்று ஒருநாள் பறிபோயிற்று, திரும்பவே இல்லை. பறித்தவர் எம் நன்மையை நாடியே பறித்தார் என்பதில் எமக்கு ஐயமில்லை. பின்னாளில் அஞ்சல் வழியில் தமிழ் பயின்று பட்டம் பெற்றோம். ஆனால் அரபு ஓர் அறையிலும் தமிழ் மற்றோர் அறையிலுமாக எமக்குள் இரு வீடுகளே இருந்தன. நடுச்சுவரில் கதவில்லை.

ஊரில் மக்தப் நடத்தத் தொடங்கியபோது அத்தாவின் தலைகளைப் பிள்ளைகளுக்குக் காட்டுவது எம் வழக்கமாயிற்று. 1952 இல் கபீருடனும் துளசிதாசருடனும் ஒரே வரிசையில் வெளிவந்த மிர்ஸா காலிப், 1966 இன் மௌலானா ஆஸாத், 1974 இன் திப்பு சுல்தான் என அவை இருந்தன. உருவப் படங்களை மக்தபில் வைக்கலாமா என்று ஜமாஅத்துப் பெரியவர் ஒருவர் கடிந்துகொண்டார். தக்க கேள்விதான். நாயகம் (ஸல்) அவர்கள் காலத்தில் புழங்கிய தீனார்கள் ரோம மன்னரின் உருவத்தையும், திர்ஹம்கள் பாரசீக மன்னரின் தலையையும் தாங்கியவை. கலீஃபா அப்துல் மலிக் ஹிஜ்ரி 77 இல் எழுத்து மட்டும் பொறித்த தீனாரை அடிக்கும் வரை முஸ்லிம்கள் அவற்றையே மடியில் முடிந்துகொண்டிருந்தனர். நின்று நோக்குவார் கண்ணுக்கு உறுப்புகள் தெளிவாகப் புலப்படாத சிற்றுருவத்தால் தொழுகைக்குக் கராஹத் இல்லை என்பது நம் ஹனஃபி ஃபுகஹாக்களின் கூற்று. இதனை எடுத்துரைத்தோம். பெரியவர் முழுமனத்தோடு ஏற்றார் என்று சொல்வதற்கில்லை. ஆல்பத்தை மூடி அலமாரியில் வைக்கும்படி சொன்னார், வைத்தோம்.

2009 இல் கோடை விடுமுறைக்கு ஒரு சிறுவன் வந்து சேர்ந்தான். அவன் அத்தா போடிமெட்டுக்கு அப்பால், பூப்பாறைப் பக்கம், ஏலக்காய் ஸ்டோரில் வேலை பார்த்தார். மலையில் பள்ளிக்கூடம் மலையாளம். விடுமுறைக்கு நன்னி வீடு போடியில். பிள்ளைக்குத் தமிழ் பேச வரும். எழுத்துக் கூட்டத்தான் வரும். ஒருநாள் கிழிந்த உறையொன்றை நீட்டி, "ஹஜ்ரத், இவங்க யாரு?" என்றான். நம் நாட்டுத் தலைகளின் வழக்கப்படி பெயர் இந்தியிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர். 2008 டிசம்பர் 31 அன்று வெளியான தலை.

"பெரிய புலவர்" என்றோம்.

"சதாவதானின்னா?"

"ஒரே நேரத்தில் நூறு காரியங்களில் கவனம் வைப்பவர்."

"அது எப்படி முடியும்? இவங்க எழுதுன கிதாபு நம்ம மதரஸாவுல இருக்கா?"

இல்லை. அலமாரி நிறைய கிதாபுகள் இருந்தன. பாவலருடையது ஒன்றும் இல்லை. அதைவிட நாணத்தக்கது, தமிழில் பட்டம் பெற்ற யாம் அவர்களின் ஒரு பக்கத்தையும் வாசித்ததில்லை. அரசாங்கம் அறிந்து முத்திரை வார்த்த ஒருவரை, அவருடைய மார்க்கத்தையும் மொழியையும் ஒருங்கே உடைய யாம் அறியாதிருந்தோம்.

அடுத்த வாரமே நாகர்கோவிலுக்குப் பேருந்து ஏறினோம். இடலாக்குடியில் அவர்கள் பெயரால் அரசுப் பள்ளியொன்று இருக்கிறது. 1874 ஜூலை 31 இல் பிறந்தவர்கள். அந்நாள் அது திருவிதாங்கூர் ஆட்சி. பள்ளியில் மலையாளம், வீட்டுச் சூழலில் அரபு. தமிழைத் தாமே தேடிச் சென்று சங்கரநாராயண அண்ணாவியாரிடம் கற்றார்கள். சென்னைக்குச் சென்று அச்சகத்தில் நூல்களைப் பதிப்பிக்கும் பணியில் இருந்தார்கள். உமறுப் புலவரின் சீறாப்புராணத்துக்கு உரை வகுத்தார்கள். வள்ளலாரின் பாடல்கள் அருட்பாவா மருட்பாவா என்று தமிழுலகம் வழக்காடியபோது, அருட்பாவே என்று நின்று வாதிட்டவர்களுள் இந்த முஸ்லிம் புலவரும் ஒருவர். இன்றைய மேடைகள் இதை இரண்டு முறை சொன்னாலும் தகும்.

1907 மார்ச் 10 அன்று சென்னை விக்டோரியா மண்டபத்தில் அந்தச் சதாவதானம் நிகழ்ந்தது. அவதானம் என்பது மாயமன்று. அவையில் ஒருவர் ஈற்றடி கொடுத்து வெண்பா கேட்பார். ஒருவர் கணக்குச் சொல்வார். ஒருவர் இலக்கணத்தில் ஐயம் எழுப்புவார். இடையிடையே மணி ஒலிக்கும். முதுகில் நெல்லோ கல்லோ வந்து விழும். ஒன்றுக்கு விடை சொல்லிக்கொண்டே மற்றவற்றை எண்ணி மனத்தில் இருத்தி, முடிவில் எல்லாவற்றையும் வழுவாமல் ஒப்பிக்க வேண்டும். நூறு கவனங்களை ஒரு நெஞ்சில் தாங்கியவருக்கு அரபும் தமிழும் மலையாளமும் ஒன்றையொன்று நெருக்கவில்லை. எமக்கோ இரண்டுக்கே இடம் போதவில்லை!

பழைய புத்தகக் கடைகளில் அலைந்து சீறாவின் மூலமும் உரைப் பகுதி சிலவும் வாங்கினோம். மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் அந்தச் சிறுவனுக்குச் சீறாவைக் கொண்டே தமிழ் சொல்லிக் கொடுத்தோம். மக்தபில் செய்யுளா என்றார் பெரியவர். நாயகத்தின் வரலாறுதானே என்றோம். கேட்டுவிட்டுப் போய்விட்டார். வேறு பிள்ளைகள் மூவர் சேர்ந்தனர். காய் எடுப்புக் காலம் வந்ததும் இருவர் மலைக்குப் போய்விட்டனர்.

பாவலர் தலையில் இன்னும் சில வாங்கிவைக்க விரும்பித் தேடியபோதுதான் ஒன்று விளங்கிற்று. அன்றாடத் தலைகளைத் தேவைக்கேற்ப மீண்டும் மீண்டும் அச்சிடுவர். நினைவுத் தலைகளை ஒருமுறையே அச்சிடுவர். தீர்ந்தால் தீர்ந்ததுதான். 2009 இலேயே வாசனைப் பொருள்களுக்குத் தலைகள் வந்தன. ஏலக்காயும் அவற்றுள் ஒன்று. எம் ஊர் மண்டிக்காரர்கள் அதனை வாங்கிச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டினர். பாவலரைக் கேட்டவர் எவருமில்லை. அவர்களைக் குறை சொல்ல எமக்கு வாயேது? 2011 முதல் பணம் கட்டினால் நம் முகத்தையே தலையில் அச்சிட்டுத் தருகிறார்கள். கலியாண வீடுகளில் அது நடக்கிறது. நடக்கட்டும்.

அந்தச் சிறுவன் இப்போது மலையில் ஸ்டோர் மேற்பார்வையாளன். 2025 செப்டம்பரில் பதிவுத் தபாலை விரைவுத் தபாலோடு இணைத்துவிட்டார்கள் அல்லவா? அதற்குப் பின் அவனிடமிருந்து ஓர் உறை வந்தது. மேலே தலை இல்லை. கோடுகள் அச்சிட்ட சீட்டு மட்டும். உள்ளே மெழுகுத்தாளில் மடித்து, அந்தப் பழைய பாவலர் தலை இருந்தது. பாதி முகத்தில் கறுப்பு முத்திரை. உடன் தமிழில், ஒற்றுப் பிழை இரண்டோடு, ஒரு கடிதம்:

"ஹஜ்ரத், அஸ்ஸலாமு அலைக்கும். இது உங்களிடம் இருக்கட்டும். என் மகள் மலையாளப் பள்ளியில் படிக்கிறாள். இரவில் நான் சீறா சொல்லிக் கொடுக்கிறேன். விலாதத்துக் காண்டம் முடியப் போகிறது. நுபுவ்வத்துக் காண்டம் உங்களிடம் இருந்தால் அனுப்பி வைக்கவும்."

எம்மிடமுள்ள பிரதியில் நுபுவ்வத்துக் காண்டத்தின் பக்கங்களைக் கறையான் அரித்திருக்கிறது. சென்ற வாரம் முதல் விடுபட்டவற்றை வேறு பதிப்போடு ஒப்பிட்டுக் கையால் எழுதிக்கொண்டிருக்கிறோம்.