எமது புழக்கடைத் தோட்டம்

"ஆடிப் பட்டம் தேடி விதை" என்பது நம் உழவரிடை வழங்கும் முதுமொழி. ஆடியைத் தேடுவோர் பலர். மாசியைத் தேடுவோர் சிலரே. ஆயினும் கிணற்று நீரோ குழாய் நீரோ சிறிது கிடைக்கப்பெற்ற வீட்டுத் தோட்டத்திற்கு மாசியும் ஏற்றதொரு பட்டமாகும். பனி நீங்கி, வெயில் இன்னும் கடுமை கொள்ளாது நிற்கும் அச்சில வாரங்களில் சுரை, பூசணி, பீர்க்கு, வெண்டை, கொத்தவரை முதலியவற்றை இட்டுவிட்டால், கோடை முதிருமுன் அவை வேரூன்றிக்கொள்ளும். குளிர்நாட்டார் தம் வசந்தத் தொடக்கத்தில் மண்ணின் உறைபனி இளகட்டுமென்று காத்திருப்பர். நாமோ பின்பனி கழியுமுன் மண் இறுகிவிடுமென்று விரைகின்றோம். விரைய வேண்டிய அக்காலத்தில் உடலில் வலிமை இல்லையாயின் என் செய்வது? இக்கேள்வி சென்ற மாசித் திங்களில் எமக்கு எழுந்தது. அதற்கு யாம் கண்ட விடையைக் கல்லூரி நண்பர்கள் முன் வைக்க விரும்புகின்றோம்.

யாம் வாழ்வது சூரமங்கலத்தில். சேலம் மாநகராட்சியின் நான்கு மண்டலங்களுள் ஒன்றாகிய இப்பகுதியிலேதான் சேலம் சந்திப்பு என்னும் புகைவண்டி நிலையம் அமைந்துள்ளது. வடக்கே சேர்வராயன் மலையும், தென்மேற்கே இரும்புக் கனிக்குப் பெயர்பெற்ற கஞ்சமலையும் தோன்றும். எம் வீட்டுப் புழக்கடையின் மண் செம்மண். மழை பெய்த மறுநாள் அது கைக்குக் குழைந்து கொடுக்கும். தை கழிந்துவிட்டாலோ சுட்ட செங்கல்லையொத்து இறுகிவிடும். ஒரு சாண் ஆழத்திற்குக் கீழே சரளையும் சுண்ணாம்புக் கல்லும் கலந்து கிடக்கும். வலிமை மிக்கவனும் அம்மண்ணில் கடப்பாரையைப் போட்டால் இரண்டு நாழிகையில் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு நிழலைத் தேடுவான்.

அத்தோட்டத்தை முப்பது ஆண்டுகளாகப் பேணி வந்தவர் எம் அன்னையார். எழுத்தறிவு அவருக்குச் சிறிதே. ஆயினும் எவ்விதையை எந்நாளில் ஊன்ற வேண்டுமென்பதை அவர் எவரையும் கேட்டறிந்ததில்லை. முற்றி உலர்ந்த சுரைக்காயை உடைத்து, விதைகளைப் பசுஞ்சாணத்தில் பதித்து, வறட்டி தட்டுவதுபோலப் பின்சுவரில் தட்டி வைப்பார். சாணம் உலர்ந்து இறுகும். விதையைப் பூச்சி அணுகாது. முந்தைய ஆண்டின் கார்த்திகையில் அவர் இறைவன் திருவடி எய்தினார். அவர் கடைசியாகத் தட்டிய வறட்டி ஒன்று மட்டும் சுவரில் எஞ்சி நின்றது. அவருடைய ஐந்து விரல்களின் அடையாளமும் அதன்மேல் தெளிவாகப் பதிந்திருந்தன.

அன்னையார் மறைந்த பின் வந்த மாசியில் யாம் தோட்டத்தில் கால் வைக்கவில்லை. துயரம் தடுத்தது என்போம். அடுத்த ஆடியிலும் கால் வைக்கவில்லை. அதற்குச் சோம்பல் என்பதன்றி வேறு பெயர் சொல்ல இயலாது. உடைந்த சட்டிகளும், தேங்காய்ச் சிரட்டைகளும், பயனற்ற வாளிகளும் புழக்கடையில் கிடந்து, ஐப்பசி மழைநீரை ஏந்தி நின்றன. மார்கழியில் எம்மைக் காய்ச்சல் பற்றியது. மூட்டுக்கள் யாவும் கட்டுண்டாற்போல் முடங்கின. மருத்துவர் அதனைச் சிக்குன்குனியா என்றார். இந்நோய் ஆப்பிரிக்காவில், இப்போது தான்சானியா எனப்படும் நாட்டின் தென்பகுதியில், 1952-ஆம் ஆண்டில் முதன்முதல் இனங்கண்டறியப்பட்டது. அப்பகுதி மக்களின் மாக்கொண்டே மொழியில் இப்பெயர் உடல் வளைந்துபோதலைக் குறிக்கும். 1960-களில் சென்னையிலும், 2006-இல் தமிழகத்தின் பற்பல ஊர்களிலும் பரவி மக்களை வருத்தியது. இதனைப் பரப்பும் ஏடிசு என்னும் கொசு, தேங்கி நிற்கும் தெளிந்த நீரிலே முட்டையிடுவது. எம்மைக் கடித்த கொசு எவ்விடத்துப் பிறந்ததென்று யார் அறிவார்? ஆயினும் எம் சிரட்டைகளை நோக்குந்தோறும் எம் உள்ளம் எம்மையே குற்றஞ் சாட்டியது.

காய்ச்சல் ஒரு வாரத்தில் நீங்கிற்று. அது விட்டுச்சென்ற வலியும் அயர்வும் நீங்கவில்லை. மாசி பிறந்தபோதும் காலையில் எழுந்து குவளையைப் பற்றுதல் அரிதாயிருந்தது. ஒருநாள் சுவரில் இருந்த அவ்வறட்டியைக் கண்டோம். விதையின் முளைக்குந் திறன் ஆண்டுதோறும் குறைந்துகொண்டே போவது. அன்னையார் தலைமுறையாகக் காத்த சுரை, எம் கையில் அற்றுப்போய்விடுமோ என்னும் அச்சம் எம்மைப் பற்றியது. உடனே மண்வெட்டியை எடுத்தோம். நான்கு முறை ஓங்கினோம். ஐந்தாம் முறை கைகள் மறுத்துவிட்டன. மண்ணில் ஒரு விரற்கடைப் பள்ளமும் விழவில்லை.

வேலிக்கு அப்பால் நின்று இதனை நோக்கிக்கொண்டிருந்தார் அடுத்த வீட்டுப் பெரியவர். அவர் இளமையில் உழுதொழில் செய்தவர்.

"தம்பி, காய்ந்த மண்ணோடு ஏன் மல்லுக்கு நிற்கிறாய்? மாலையில் இரண்டு குடம் தண்ணீரை ஊற்றிவிட்டுப் போய்ப் படுத்துக்கொள். நீ தூங்கும்போது மண் தானே இளகும்" என்றார்.

"பட்டம் தப்பிவிடுமே, பெரியப்பா! இவ்வளவு இடத்தையும் எப்போது கொத்துவது?" என்றோம்.

"இடம் முழுவதையும் கொத்தச் சொன்னது யார்? கொடி படரப்போவது பந்தலிலே. அதற்கு வேண்டியது ஒரு குழி. உன் அம்மா என்றைக்காவது தோட்டம் முழுவதையும் ஒரே நாளில் கொத்திப் பார்த்திருக்கிறாயா?"

உண்மையே, யாம் பார்த்ததில்லை. அவர் நாள்தோறும் சிறிது நேரம் மட்டுமே அங்கு இருப்பார். அதற்கு மேல் இருந்ததாக எமக்கு நினைவில்லை.

அன்று முதல் எம் வேலை முறை மாறியது. முதல் நாள் செய்தது ஒன்றே: நீர் தேங்கும் கலங்களையெல்லாம் அமர்ந்த வண்ணமே கவிழ்த்தோம். சிரட்டைகளை மட்டும் எறியாது ஒருபுறம் சேர்த்து வைத்தோம். பிறகு மூன்று குழிகளுக்கு இடங் குறித்தோம். ஒவ்வொன்றும் ஒரு முழ அகலம், ஒரு முழ ஆழம். மாலையில் நீர் ஊற்றுவோம். விடியலில் ஒரு மணைப்பலகையை இட்டமர்ந்து, சிறு களைக்கொத்தால் இளகிய மண்ணை மட்டும் எடுப்போம். நிலையத்தினின்றும் ஒரு வண்டி ஊதிப் புறப்படும் ஓசை கேட்டால் தொடங்குவோம். அடுத்த வண்டியின் ஓசை கேட்டால், குழி எந்நிலையில் இருப்பினும், நிறுத்திவிடுவோம். இன்னும் சிறிது செய்யலாமென்று ஆசை தோன்றும் நாட்களிலேதான் நிறுத்துதல் அரிதாயிருந்தது. ஒருநாள் அவ்வாசைக்கு இடங்கொடுத்து, மறுநாள் முழுதும் படுக்கையிற் கிடந்து கற்றுக்கொண்டோம். ஒன்பது நாட்களில் மூன்று குழிகளும் முடிந்தன.

எம்மால் இயலாத பணியை வேறு பலர் செய்தனர் என்றும் கூறவேண்டும். மாசியில் வேம்பும் புங்கும் இலையுதிர்க்கும் அன்றோ? மண்ணை மூடுதற்குச் சருகு தேவைப்படும் காலத்திலேயே மரங்கள் அதனைக் கொண்டுவந்து காலடியிற் சொரிந்தன. மக்கிய எருவும் சருகும் மேல்மண்ணும் கலந்து குழிகளை நிரப்பி, அதன்மேல் ஒரு சாண் உயரம் சருகிட்டு மூடினோம். மூடாக்கின் கீழ் ஈரம் நின்றது; ஈரத்தைத் தேடி மண்புழுக்கள் வந்தன. யாம் துயிலும்போதும் அவை மண்ணைக் கிளறின.

அந்நாட்களில் எமக்கு ஆறுதலாயிருந்தவர் வில்லியம் கேரி ஐயர். 1793-இல் வங்கம் வந்து, 1818-இல் செராம்பூர்க் கல்லூரியைத் தோற்றுவித்தோருள் ஒருவராகிய அப்பெரியாரை நம் கல்லூரி மாணவர் அறிவர். அவர் செராம்பூரில் ஏறத்தாழ ஐந்து ஏக்கர்த் தோட்டம் ஒன்றைப் பேணியதையும், 1820-இல் வேளாண் தோட்டக்கலைச் சங்கம் ஒன்றை நிறுவியதையும் அறிந்தோர் சிலராதல் கூடும். 1823-ஆம் ஆண்டு அக்டோபரில் படகினின்று இறங்குங்கால் அவர் இடறி விழுந்து இடுப்பில் பெருங் காயமுற்றார். நடக்கவும் இயலாது கிடந்த அந்நாட்களிலேயே தாமோதர நதியின் வெள்ளம் அவர் தோட்டத்தை அழித்துச் சென்றது. ஊன்றுகோலின் துணையால் எழுந்தவர், மீண்டும் நடத் தொடங்கினார். 1834-இல் தம் இறுதி நாட்களில், நாற்காலியில் வைத்துத் தோட்டத்திற்குக் கொண்டுசெல்லப் பெற்றார். தம் மறைவிற்குப் பின் உடன் ஊழியராகிய மார்சுமன் ஐயர் தோட்டத்தில் மாடுகளை விட்டுவிடுவாரோ என்று கவலையுற்றாராம். பல மொழிகளில் வேதாகமத்தைப் பெயர்த்த பெரியார்க்கும் தம் செடிகளைப் பற்றிய கவலை இருந்ததை எண்ணுந்தோறும், ஒரு வறட்டியைக் குறித்த எம் கவலைக்கு யாம் நாணவில்லை.

குழிகள் முடிந்தன, இனி வறட்டியை உடைத்தல் வேண்டும். இங்கேதான் எம் கை தயங்கியது. அன்னையாரின் நிழற்படங்கள் பல வீட்டில் உள்ளன. விரல்கள் பதிந்த பொருள் அஃதொன்றே. அதனை உடையாது வைத்தால் அடையாளம் நிற்கும், விதை சாகும். உடைத்தால் அடையாளம் போகும், விதை பிழைக்கலாம், பிழையாமலும் போகலாம். எட்டு வயதுடைய எம் மகள் அருகே நின்று, தன் சிறு விரல்களை அத்தடங்களில் வைத்துப் பார்த்தாள். "அப்பா, அப்பத்தா இதைப் பார்த்துக்கொண்டிருக்கவா தட்டி வைத்தார்கள்?" என்று கேட்டாள். யாம் மறுமொழி கூறவில்லை. வறட்டியை நீரில் நனைத்து, அவள் கையிலேயே கொடுத்தோம். அவளே உடைத்தாள்.

பதினான்கு விதைகள் இருந்தன. ஓரிரவு நீரில் ஊறவைத்து, முன்பு கொசுவுக்குத் தொட்டிலாயிருந்த அச்சிரட்டைகளின் அடியில் துளையிட்டு, எருமண் நிரப்பி, ஒன்றுக்கு ஒன்றாக ஊன்றினோம். ஐந்து நாள் ஒன்றும் தோன்றவில்லை. ஆறாம் நாள் மூன்று முளைத்தன; பத்தாம் நாளுக்குள் ஒன்பதாயின. மற்ற ஐந்தும் முளைக்கவேயில்லை. பங்குனி பிறக்குமுன் ஆறு கன்றுகளை மண்ணோடு எடுத்துக் குழிக்கு இரண்டாக நட்டு, தென்னங் கீற்றால் நிழல் செய்தோம். மூன்றைப் பெரியப்பாவிடம் கொடுத்தோம். எம் தோட்டத்தில் அழியினும் அவரிடத்தில் இருக்கட்டும் என்பது கருத்து.

சித்திரை வெயிலில் இரண்டு கொடிகள் வாடி மடிந்தன. நான்கு பந்தலேறின. வைகாசியில் காய்த்தன. பெரியப்பா வீட்டிலும் காய்த்தன. தோட்டத்தின் பெரும்பகுதி இன்னும் கொத்தப்படாமலே கிடக்கின்றது. எம் மூட்டுக்களும் முழுதும் குணமடைந்தில. அடுத்த பட்டத்திற்கு இன்னும் இரண்டு குழிகள் என்று எண்ணியிருக்கின்றோம்.

நண்பர்காள், பலமிகுந்த நாள் வரட்டும், அன்று யாவும் செய்வோம் என்று காத்திருப்போர்க்கு அந்நாள் பெரும்பாலும் வருவதில்லை, பட்டமோ காத்திராது. இருக்கும் பலத்திற்கேற்ற குழியை இன்று தோண்டுதல் நம் பங்கு. முளைப்பித்தல் ஆண்டவன் பங்கு.

முதற் காய்களுள் ஒன்றைப் பறியாது கொடியிலேயே முற்ற விட்டோம். ஆடியில் அதனை உடைத்து, விதைகளை எம் மகள் சாணத்தில் பதித்துப் பின்சுவரில் தட்டினாள். இப்போது அங்கே பதிந்திருப்பன மிகச் சிறிய விரல்கள்.