இறக்கத்துக்கு முன்னாலேயே கியரை இறக்கு

சேலம்

அன்புள்ள தம்பிக்கு,

ரெக்கவரி வேனுக்கு எக்சாஸ்ட் பிரேக் போடப் போகிறேன் என்று நீ சொன்னதிலிருந்து எனக்குப் பாதி நிம்மதி. காயலான் கடையில் பெரிய லாரியிலிருந்து கழற்றினது சல்லிசாகக் கிடைக்கிறது, அதையே மாட்டிவிடலாமா என்று கேட்டாயே, வேண்டாம் சாமி.

எக்சாஸ்ட் பிரேக் போட்டதும், டர்போவைத் தாண்டிப் புகை போகிற குழாயை ஒரு தகடு அடைக்கும். போக வழியில்லாத காற்று பிஸ்டனை எதிர்த்துத் தள்ள, இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். அந்த அழுத்தம் அளவு மீறினால் எக்சாஸ்ட் வால்வு ஸ்பிரிங் தாங்காது. மூடியிருக்க வேண்டிய வால்வு திறந்துகொள்ளும். அதனால் எது பலமாகப் பிடிக்கும் என்று தேடாதே. உன் இன்ஜினுக்கு எவ்வளவு அழுத்தம் வரை ஆகும் என்று கம்பெனியில் கேட்டு, அதற்கென்று செய்ததை வாங்கு. கிளட்சிலோ ஆக்சிலேட்டரிலோ கால் பட்டதும் தகடு திறக்கிற மாதிரி இரண்டிலும் சுவிட்ச் வைக்கச் சொல்.

தொப்பூர் இறக்கத்தில் எனக்கு நடந்ததை உன்னிடம் முழுசாகச் சொன்னதில்லை. பின்னால் கட்டியிருந்த லாரியில் ஏர் இல்லை, அதனால் பிரேக்கும் இல்லை. இரண்டு வண்டிப் பாரமும் என் டிரம்களில். பாதி இறக்கத்தில் லைனிங் கருகுகிற வாடை. கண்ணாடியில் பார்த்தால் பின்சக்கரத்தில் வெள்ளைப் புகை. மிதிக்க மிதிக்க வண்டி கேட்கவில்லை. எக்சாஸ்ட் பிரேக் போட்டுத்தான் இருந்தேன். ஆனால் ஐந்தாவது கியரில் இன்ஜின் சுற்றே ஏறவில்லை, அது எதைப் பிடிக்கும்? ஓரத்து மண்மேட்டில் உரசித்தான் நிறுத்தினேன். அரை மணி நேரம் கை நடுக்கம் நிற்கவில்லை.

1931-ல் கலிபோர்னியாவின் கஹோன் கணவாயில் கம்மின்ஸ் டீசல் இன்ஜின் கம்பெனியைத் தொடங்கிய க்ளெஸ்ஸி கம்மின்ஸ் வந்த லாரிக்கும் இதே கதிதான். பிரேக் கருகி, அடிவாரத்தில் சரக்கு ரயிலில் மோதாமல் மயிரிழையில் தப்பினார்கள். அந்த நினைவில்தான் பிற்பாடு வால்வையே திறந்து பிடிக்கிற ஜேக் பிரேக்கை உருவாக்கினார். உன் வண்டிக்கு அது தேவையில்லை.

ஆனால் இறக்கம் தொடங்குமுன்பே கியரை இறக்கிவிடு. டீசல் மிச்சம் என்று எவன் சொன்னாலும் நியூட்ரலில் விடாதே; நியூட்ரலில் எக்சாஸ்ட் பிரேக் இருந்தும் இல்லாததுதான். மழையில் காலி வண்டியாக வந்தால் அணைத்துவிடு, பிடிப்பெல்லாம் பின்சக்கரத்தில் மட்டும் விழுந்து வழுக்கும். தினமும் நாலு தடவையாவது போடு, இல்லாவிட்டால் கரி பிடித்துத் தகடு ஒட்டிக்கொள்ளும்.

மாட்டி முடித்ததும் போன் போடு. முதல் தடவை தொப்பூர் இறங்கும்போது நானும் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறேன்.

உன் அண்ணன்