வெடிப்புக் கணக்கு

மே 19, 2024

ராத்திரி முழுக்க மழை. விடிந்து பார்த்தால் குசினிச் சுவரில் வெடிப்பு. ஜன்னலின் கீழ் மூலையில் தொடங்கி, புளொக் கல் அடுக்கின வரிசையிலேயே படிப்படியாக இறங்கித் தரையைத் தொடுகிறது. பத்து ரூபாக் குத்தியைச் செருகினேன், விழாமல் நின்றது.

அம்மா அரிசி வாளியை நகர்த்தி அதற்கு முன்னால் வைத்தார். "வெளியே சொல்லிக்கிட்டுத் திரியாத. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் புடிச்சுப் பாக்கிறதா?"

போன வருடம்தான் நம் ஆட்கள் வந்து இருநூறு வருடம், 'மலையகம் 200' என்று கூட்டத்துக்கெல்லாம் போய் வந்தோம். அம்மாவுக்கு இந்த ஏழு பேர்ச் காணியும் புது வீடும் இன்னும் தானம்தான்.

மே 22

மழை. ரப்பர் பால் வெட்டு இல்லை, அம்மாவுக்கு இன்றைக்குப் பேர் இல்லை. மே தினத்தில் அறிவித்த 1,700 ரூபா நாட்சம்பளம், வேலை இருக்கிற நாளுக்குத்தானே.

மே 27

தோட்டத்து ஆபீசுக்குப் போனேன். லயத்தில் இருந்தபோது கூரை ஒழுகினால் அந்த வாசலில்தான் போய் நிற்போம். திட்டுவார்கள், மாதக்கணக்கில் இழுத்தடிப்பார்கள். ஆனாலும் அந்தத் தகரம் தோட்டத்துடையது என்பதில் அவர்களுக்கும் சந்தேகமில்லை, நமக்கும் இல்லை. இன்றைக்கு கிளாக்கர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "இது இப்ப உங்க சொந்த வீடு இல்லையா, டீச்சர்?"

கட்டிய கொந்தராத்துக்காரருக்கு போன் எடுத்தேன். "ஒரு வருசம் ஏப்ரலோட முடிஞ்சிருச்சே மிஸ்."

கேட்டு விசாரித்ததில் விளங்கியது இது: இப்படிப்பட்ட கட்டட வேலைகளில் மொத்தத் தொகையில் வழக்கமாக 5 வீதத்தைக் கொடுக்காமல் பிடித்து வைப்பார்கள். கையளிக்கும்போது அதில் பாதி போகும். மீதிப் பாதி, குறைபாட்டுப் பொறுப்புக் காலம் முடியும்வரை, அதாவது பெரும்பாலும் 12 மாதம், பிடியில் இருக்கும். அந்தப் பிடி இருக்கும்வரை கூப்பிட்டால் ஆள் வருவார். எங்கள் வரிசையில் யாரும் அந்த ஒரு வருடத்தில் ஒரு கடிதம்கூட எழுதவில்லை. எழுதலாம் என்று யாரும் சொல்லவும் இல்லை. ரிப்பன் வெட்டினார்கள், பாற்சோறு தந்தார்கள், போட்டோ எடுத்தார்கள்.

ஜூன் 3

நாடு முழுக்கப் பாடசாலைகளுக்கு விடுமுறை. இரத்தினபுரிப் பக்கம் வெள்ளம். நேற்று மாலை அப்பா டோர்ச் லைட்டோடு வீட்டுக்குப் பின்னால் மேட்டில் ஏறிப் பார்த்துவிட்டு வந்தார். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்லும் அடையாளங்கள் எங்கள் பிள்ளைகளுக்கே பாடம்: நிலத்தில் பிளவு, சாய்ந்த மரம், புதிதாக ஊற்று, திடீரென்று கலங்கி வரும் தண்ணீர். 2016 மே 17 அன்று அரநாயக்கவில் சாமசர மலை இறங்கி ஊர்களையே மூடிய பிறகு, எங்கள் கேகாலை மாவட்டத்தில் சுவர் வெடிப்பை யாரும் சுவர் வெடிப்பாக மட்டும் பார்ப்பதில்லை. சுவரோடு நிற்கிறதா, மண்ணிலும் ஓடுகிறதா என்றுதான் பார்ப்பார்கள்.

மண்ணில் ஒன்றும் இல்லை என்றார் அப்பா. அப்படியும் ராத்திரி எல்லோரும் அத்தையின் லயத்துத் தொங்கல் காம்பராவுக்குப் போய்ப் படுத்தோம். எந்த லயத்தை விட்டுப் போக வேண்டும் என்று சின்ன வயதிலிருந்து நினைத்தேனோ, அதே லயத்தில் நன்றாகத் தூங்கினேன். எழுதும்போதே எரிச்சலாக வருகிறது.

ஜூன் 9

கீழ்க் கிராமத்து மேசன் பாஸ் வந்தார். அப்பாவுக்கு நெடுநாள் பழக்கம். கொஞ்சம் தமிழ், மிச்சம் சிங்களம். அரிசி வாளியை அவரே நகர்த்தினார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

முதலில் முன்னறைச் சுவரில் இருக்கும் மயிரிழைக் கீறல்களை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். அது பூச்சு காய்ந்ததில் வந்ததாம், பயப்பட ஒன்றுமில்லை. குசினி வெடிப்பு வேறு. வெளியே கூட்டிப்போய்க் காட்டினார். சரிவை வெட்டித்தான் வீட்டுக்கு இடம் எடுத்திருக்கிறார்கள். மேல் பாதி வெட்டின நிலம், கீழ்ப் பாதி வெட்டின மண்ணைக் கொட்டி நிரப்பின நிலம். குசினி நிற்பது நிரப்பின பக்கத்தில். அதுவும் சரியாக இடித்து இறுக்காத மண். கூரைக்குப் பீலி இல்லாததால் தண்ணீர் முழுவதும் அத்திவாரத்தின் ஓரத்தில் விழுந்து குழி பறித்திருக்கிறது. புது மருமகள் மாதிரி, மண் உட்கார இரண்டு மூன்று மழைக்காலம் எடுக்கும் என்று சொல்லி அவரே சிரித்தார்.

"இப்பவே பூசிரலாமா?"

"பூசினா வெடிப்பு மறையும் டீச்சர், எறங்கிறது நிக்காது. மொதல்ல கான் வெட்டுங்க."

பென்சிலை வாங்கி வெடிப்பின் இரண்டு நுனியிலும் கோடு போட்டு இன்றைய தேதியை எழுதினார். குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை சீமெந்து வைத்து ஒட்டச் சொன்னார். சுவர் நகர்ந்தால் கண்ணாடி பிளக்கும்.

ஜூன் 10

ஒட்டியாயிற்று. அப்பா முகம் மழிக்கிற கண்ணாடி போயிற்று.

ஜூன் 30

பிளக்கவில்லை! அம்மா பாயாசம் காய்ச்சினார், காரணம் சொல்லாமல்.

ஜூலை 7

வரிசையில் எல்லோரும் எங்கள் வீட்டு இஸ்தோப்பில் கூடினார்கள். ஒருவர் வாய் திறந்ததும் எல்லார் வீட்டு வெடிப்பும் வெளியே வந்தது: அலுமாரிக்குப் பின்னால், காலண்டருக்குக் கீழே, ஒரு வீட்டில் முருகன் படத்துக்குப் பின்னால்.

சிங்களத்தில் எழுதத் தெரியும் என்பதால் கடிதம் என் தலையில். யாருக்கு எழுதுவது என்பதிலேயே பொழுது போயிற்று. பெரிய கானும் பாதையும் பிரதேச சபைக்கு என்றார் ஒருவர். 2018இல் சட்டத்தைத் திருத்தும்வரை தோட்டத்துக்குள் செலவு செய்ய சபைக்கு வழியே இருக்கவில்லை. இப்போது வழி இருக்கிறது; ஆனால் 2023 மார்ச்சிலிருந்து உறுப்பினர்கள்தான் இல்லை. கடைசியில் மூன்று இடத்துக்கு எழுதினேன்.

ஜூலை 24

ஒரு பதில் வந்தது. முறைப்பாட்டைப் பரிசீலிக்க, காணி உறுதியின் பிரதியை இணைக்க வேண்டுமாம். உறுதி எங்களுக்கு இன்னும் வரவில்லை. இருப்பது திறப்பு விழாப் போட்டோவும் சாவியும்.

"சாவிய போட்டோகொப்பி எடுத்து அனுப்பலாமா?" என்றார் அப்பா. சிரித்தோம். கொஞ்ச நேரம்தான்.

ஆகஸ்ட் 11

கண்ணாடி பிளந்திருக்கிறது, நடுவில், நேராக. எப்போது என்று தெரியாது. பென்சில் கோட்டைத் தாண்டி வெடிப்பு ஒரு விரல்கடை போயிருக்கிறது.

செப்டம்பர் 21இல் ஜனாதிபதித் தேர்தல். ஆட்கள் வந்து சுவரைப் பார்த்து உச்சுக்கொட்டிவிட்டுப் போனார்கள்.

நேற்று நாங்களே நான்கு வீட்டுக்காரர் சேர்ந்து வீட்டுக்குப் பின்னால் கான் வெட்டினோம். ராத்திரி மழைக்கு எங்கள் அத்திவாரம் காய்ந்து கிடந்தது. காலையில் கீழ் வீட்டு அக்கா வந்தார். கான் தண்ணீர் முழுவதும் அவருடைய கக்கூஸ் குழி ஓரத்தில் இறங்குகிறது. "ஒங்க வீட்டுத் தண்ணிய நீங்கதானே டீச்சர் பாக்கணும்?"

அது மழைத் தண்ணி, நம்ம தண்ணி இல்லை என்கிறார் அப்பா. நாளைக்கு பாஸிடம் குழாய் எவ்வளவு நீளம் வேண்டும், என்ன விலை என்று கேட்க வேண்டும்.