பங்குக் கிணறும் பொது அச்சுப்பொறியும்

யாழ்ப்பாணத்துப் பழைய காணி உறுதிகளைப் படித்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். காணியின் எல்லைகளைச் சொல்லி முடித்த பின்னர், கிணற்றிலே இன்னாருக்கு இத்தனை பங்கு என்றும், அதற்குச் சென்றுவர வழியும் வாய்க்காலும் உண்டு என்றும் எழுதியிருக்கும். இறைப்பு முறையைப் பங்காளிகள் தமக்குள் வகுத்துக்கொள்வார்கள். பங்கு இருந்தும் வழி இல்லையானால் அந்தக் கிணற்றினால் பயன் இல்லை. வழி இருந்தும் முறை இல்லையானால் விடிந்தால் சண்டைதான். ஒரு பொருள் பொதுவில் இருப்பதற்கு நல்ல மனம் மாத்திரம் போதாது, ஒழுங்கும் வேண்டும் என்பதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர்.

மன்னார்த் தீவிலே கல்லூரி ஆசிரியனாக இருக்கும் என் வீட்டில் கிணற்றுச் சண்டை இல்லை. அதற்குப் பதிலாகச் சில காலம் அச்சுப்பொறிச் சண்டை இருந்தது. பிரிண்டர் என்று எல்லாரும் சொல்லும் அந்தப் பொறி வீட்டில் ஒன்றே. அதனை நாடுவோர் நால்வர். எனக்குச் செயலட்டைகள் வேண்டும். முன்பள்ளி ஆசிரியையான என் மனைவிக்குச் சின்னஞ்சிறார் வண்ணம் தீட்டும் படங்கள் வேண்டும். உயர்தர வகுப்பில் படிக்கும் மகளுக்குக் கடந்தகால வினாத்தாள்கள் வேண்டும். வவுனியாப் பல்கலைக்கழகத்தில் பயிலும் மகனுக்கு, விடுமுறையில் வரும்போதெல்லாம் ஒப்படைகள் அச்சிட வேண்டும். பொறியோ மகனுடைய அறையில், அவனுடைய கணினியோடு ஒரு வடத்தினால் பிணைக்கப்பட்டிருந்தது.

ஒரு கணினியோடு பிணைத்த அச்சுப்பொறியை வீட்டிலுள்ள மற்றக் கணினிகளும் பயன்படுத்த இடங்கொடுக்கும் வசதி விண்டோஸில் உண்டு. மகன் அதனையும் செய்து வைத்திருந்தான். ஆயினும், பிணைத்த கணினி இயங்கிக்கொண்டிருந்தால்தான் மற்றவர்கள் அனுப்புவது பொறிக்குச் சென்று சேரும். அவன் வவுனியாவுக்குப் போய்விட்டாலோ, ஒரேயொரு பக்கம் அச்சிடுவதற்காக அறையைத் திறந்து, அந்தக் கணினியை இயக்கி, அது ஆயத்தமாகும் வரை காத்திருக்க வேண்டும். “அண்ணா, கடவுச்சொல்லை மாற்றிப்போட்டீங்களா?” என்று மகள் தொலைபேசியில் கேட்பது வழக்கமாயிற்று. பங்கு நால்வருக்கும் இருந்தது. வழி மட்டும் ஒருவருடைய வளவுக்குள்ளால் போயிற்று.

இந்தத் தொல்லை நம் வீட்டுக்கு மட்டும் உரியதன்று. கணினி வலையமைப்பின் வரலாற்றிலேயே இதற்கு இடம் உண்டு. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்துப் பாலோ ஆல்டோ நகரிலே ஸெரொக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுகூடம் ஒன்று 1970 இல் தொடங்கப்பட்டது. அங்கே கரி ஸ்டார்க்வெதர் என்பவர் லேசர் ஒளியினால் அச்சிடும் பொறியை உருவாக்கினார். அது ஏறத்தாழ நொடிக்கு ஒரு பக்கம் அச்சிட்டது. அறிஞர் ஒவ்வொருவருடைய மேசையிலும் ஒரு கணினி வைப்பது அக்கூடத்தின் திட்டம். மேசைதோறும் கணினி வைக்கலாம்; மேசைதோறும் அத்தகைய அச்சுப்பொறி வைக்க இயலுமா? எல்லாக் கணினிகளும் ஒரே பொறியை அடையத்தக்க வழி ஒன்று வேண்டியதாயிற்று. அந்தப் பொறுப்பு ரொபேட் மெட்காஃப் என்ற இளைஞரிடம் வந்தது. 1973 மே 22 ஆம் திகதி அவர் எழுதிய குறிப்பிலே ‘ஈதர்நெட்’ என்ற பெயர் இடம்பெற்றது. டேவிட் பொக்ஸ் என்பவரோடு சேர்ந்து அவர் அதனைச் செயற்படுத்தினார். இன்று உலகெங்கும் அலுவலகக் கணினிகளைக் கம்பியால் இணைக்கும் முறை, பெரும்பாலும் ஓர் அச்சுப்பொறியைப் பலர் பங்கிட்டுக்கொள்ளும் தேவையிலிருந்து பிறந்தது என்பது வியப்பன்றோ!

நமக்கு வேண்டிய வழியும் அதுவே. பொறியை மகனுடைய கணினியிலிருந்து விடுவித்து, நடுக்கூடத்தில் வைத்து, இணையத்தை வீட்டுக்குள் பகிர்ந்தளிக்கும் ரவுட்டர் என்னும் கருவியோடு நேரே இணைத்தோம். இனி அது எவருடைய கணினிக்கும் அடிமையன்று. வீட்டு வலையில் தானும் ஒரு குடி. கைத்தொலைபேசியிலிருந்தும் அச்சிடலாம். இவ்விடத்தில் ஒரு நுட்பம் உண்டு. ரவுட்டர்கள் பல, 2.4 கிகாஹேர்ட்ஸ், 5 கிகாஹேர்ட்ஸ் என இரு அலைவரிசைகளில் இயங்குகின்றன. வீட்டு அச்சுப்பொறிகளுட் பலவற்றுக்கு முதலாவது மட்டுமே தெரியும். அது வேகத்திற் குறைந்ததாயினும் சுவர்களைக் கடந்து தொலைவு செல்ல வல்லது. பொறியை அதில் சேர்த்தாற் போதும்.

வழி திறந்துவிட்டது என்று மகிழ்ந்திருந்த வேளையில், மின்சாரம் நின்று மீண்ட ஒரு மாலையில், பொறி ‘தொடர்பில் இல்லை’ என்று எல்லாக் கணினிகளும் ஒருமித்துச் சொல்லின. பொறியோ விளக்கெரிய முன்னே நிற்கிறது! காரணம் எளிது. வலையில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் ரவுட்டர் ஓர் எண் முகவரி கொடுக்கிறது. அது நிரந்தரமன்று. மின்சாரம் போய் வரும்போது பழைய முகவரி வேறொரு கருவிக்குப் போய்விடலாம். கணினிகள் பழைய வாசலிலேயே தட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு கருவிக்கும் அதனை ஆக்கியோர் பொறித்த மாறாத அடையாள எண் ஒன்று உண்டு. அதனை ரவுட்டரில் பதிந்து, ‘இக்கருவிக்கு எப்போதும் இம்முகவரியே’ என ஒதுக்கிவிட்டால் அத்தொல்லை தீரும். மின்வெட்டுப் பழகிய நமக்கு இது கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய செய்தி.

வழிக்கு அடுத்தது முறை. பலர் அனுப்புபவை வரிசையாக நின்று ஒன்றன்பின் ஒன்றாக அச்சாகும். முன்னே நிற்பது சிக்கிக்கொண்டால் பின்னே நிற்பவையும் நின்றுவிடும். அப்போது மீண்டும் மீண்டும் கட்டளை அனுப்புவோர் வரிசையை நீட்டுவதன்றி வேறொன்றும் செய்வதில்லை. சிக்கியதை நீக்குவதே மருந்து. அறுபது பக்க வினாத்தாள் தொகுப்பை இரவிலும், அவசரமான ஒற்றைப் பக்கத்தைக் காலையிலும் அச்சிடுவது என்று வீட்டில் வகுத்துக்கொண்டோம். மாரி காலத்தில் காகிதம் ஈரத்தை உறிஞ்சிப் பொறிக்குள் சிக்கும். ஆகையால் கடைசியாக அச்சிடுபவர் எஞ்சிய தாள்களை உறையிலிட்டு மூடிவைக்க வேண்டும் என்பதும் முறையில் அடங்கும்.

தமிழர் வீட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. நம் நாட்டில் நெடுங்காலம் வழங்கிய பாமினி எழுத்துருவில் தட்டெழுதியதை, அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளும் குறிகளுமே தோன்றும். அச்சிலும் அவையே வரும். யூனிகோட் முறையில் எழுதுவது, அல்லது எழுத்துருவை உள்ளடக்கிய பி.டி.எஃப் கோப்பாக மாற்றி அனுப்புவது இதற்குப் பரிகாரம். பழைய வினாத்தாள்களை வைத்திருக்கும் ஆசிரியர்கள் இதை மனத்திற் கொள்வது நல்லது.

இனிப் பங்கு வீட்டோடு நிற்குமா? 2022 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், காகிதமும் மையும் இறக்குமதி செய்ய அந்நியச் செலாவணி இல்லாமையால், மேல் மாகாணத்துப் பாடசாலைகளில் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டதை நாம் மறக்கவில்லை. ஒரு தாளின் அருமையை அந்த ஆண்டு நமக்குக் கற்பித்தது. எங்கள் அயலில் கடற்றொழில் செய்யும் ஒருவருடைய மகள், என் மகளோடு ஒரே வகுப்பில் படிப்பவள், வினாத்தாள்களை அச்சிட வருவாள். கைத்தொலைபேசித் திரையில் கணக்குத் தாளைப் பார்த்துப் படிப்பதும், அச்சுத் தாளில் பேனாவால் கோடிட்டுப் படிப்பதும் ஒன்றாகா. “சேர், தாள் நான் கொண்டு வந்திருக்கிறன்” என்று அவள் முன்கூட்டியே சொல்லிவிடுவாள். அந்த மானம் காக்கப்பட வேண்டியது. ஆதலால் தாளை வாங்கிக்கொள்வோம். மையின் விலையைப் பற்றிப் பேசமாட்டோம்.

ஆனால் வருகிறவர்களுக்கெல்லாம் வீட்டு வலையின் கடவுச்சொல்லைக் கொடுப்பது வேறு. ரவுட்டரில் விருந்தினர் வலை என்று தனியே ஒன்று அமைக்கலாம். அதில் இணைந்தவர்களுக்கு இணையம் கிடைக்கும். வீட்டுக் கருவிகள் பொதுவாகக் கண்ணிற் படா. அயற் பிள்ளைகள் கோப்பை வாட்ஸப்பில் அனுப்ப, வீட்டார் அச்சிட்டுக் கொடுப்பது எங்கள் வழக்கம். இது வீண் அச்சமன்று. 2021 ஜூலையில் விண்டோஸின் அச்சு வரிசையை நடத்தும் நிரலில் பெருங் குறையொன்று வெளிப்பட, மைக்ரோசொஃப்ட் நிறுவனம் அவசரத் திருத்தம் வெளியிட நேர்ந்தது. அயலார் வலைக்குள் புகுந்து கணினியையே கைப்பற்ற அக்குறை இடம் கொடுத்தது. கிணற்றுக்கு மதகு மட்டுமன்று, மூடியும் வேண்டும்.

மூடி வேண்டிய இடம் வெளியில் மாத்திரமா இருக்கிறது? நான் கற்பிக்கும் கல்லூரியிலேயே என் மகளும் படிக்கிறாள். தவணைப் பரீட்சை வினாத்தாள் அமைப்போருள் நானும் ஒருவன். பொதுப் பொறியில் அச்சிடும் கோப்பின் பெயர் வரிசையிலே தெரியும். அச்சான தாள் எடுப்பார் வரும்வரை தட்டிலே கிடக்கும். சில பொறிகள் பழைய கோப்பை நினைவில் வைத்திருந்து மீண்டும் அச்சிடவும் செய்யும். ஆகவே பொதுப் பொறி நடுக்கூடத்துக்கு வந்த அன்றே ஒரு விதி செய்தேன்: பரீட்சை வினாத்தாள் இந்த வீட்டில் அச்சாகாது.

மகளுடைய முகம் வாடியது. “அப்பா, நான் எடுத்துப் பார்த்துவிடுவேன் என்று நினைக்கிறீங்களா?” என்று கேட்டாள்.

“நீ பார்க்கமாட்டாய் என்பது எனக்குத் தெரியும், பிள்ளை. நீ பார்க்கவில்லை என்பதை உன் வகுப்பிலிருக்கும் மற்றப் பிள்ளைகளுக்கு ஆர் தெரிவிப்பது?” என்றேன்.

அவள் சற்று நேரம் பேசவில்லை. பின்னர், “அதுவும் சரிதான், நான் கூடப் புள்ளி எடுத்தாலும் அது என்னுடையதாக இருக்க வேணும்” என்றாள். அயல் வீட்டுத் தோழியை எண்ணித்தான் அப்படிச் சொன்னாளோ என்று எனக்குத் தோன்றியது. ஒரே மேசையில் ஒரே தாளைப் படிப்பவர்கள் இருவரும். ஒருத்திக்குத் தந்தையின் பொறி இருக்கிறது, மற்றவளுக்கு இல்லை என்ற வேறுபாடு பரீட்சை மண்டபத்துக்குள் நுழையலாகாது.

பகிர்தல் என்றால் எல்லாவற்றையும் திறந்துவிடுவது என்று பொருள்கொள்வோர் உளர். பாதுகாப்பு என்றால் எல்லாவற்றையும் பூட்டுவது என்று கொள்வோரும் உளர். இரண்டும் ஒருபக்கப் பார்வையே. யாருக்குப் பங்கு, எது வழி, எவ்வாறு முறை, எது பொதுவில் வரலாகாது என்ற நான்கையும் வீட்டார் ஒன்றாக உட்கார்ந்து பேசி முடித்தால், ஒரு பொறி நான்கு பேருக்கும் அயலுக்கும் போதும். பொறியை இணைக்க அரை மணி நேரம் சென்றது. அந்தப் பேச்சுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் சென்றது. அந்த நாள் வீணாகவில்லை.