நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டி

வட நோர்வேயில் நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டி இன்று பெரும்பாலும் உல்லாசப் பயணிகளை நம்பிய தொழில். ட்ரொம்சோ, அல்தா ஆகிய ஊர்களைச் சுற்றி இதற்கென நாய்ப் பண்ணைகள் உள்ளன. ஈழத்தமிழருக்கு இந்தப் பக்கம் அந்நியமானதல்ல. 1980களிலும் 90களிலும் போரால் பெயர்ந்த பலர் வட நோர்வேயின் பின்மார்க் மாவட்டக் கரையோர மீன் தொழிற்சாலைகளில் கத்தி பிடித்து வேலை செய்தவர்கள். ஒஸ்லோவில் உள்ள உறவுகளைப் பார்க்கக் கல்கிசையிலிருந்தோ வெள்ளவத்தையிலிருந்தோ போகிறவர்கள், இன்னும் வடக்கே ஏறினால் இந்தப் பண்ணைகளுக்கு வந்து சேரலாம்.

நீலக்கண்ணும் அடர்ந்த மயிருமாகச் சினிமாவில் வரும் நாயை எதிர்பார்ப்பவர் ஏமாறுவார். வண்டி இழுப்பவை பெரும்பாலும் அலாஸ்கா ஹஸ்கிகள். அழகுக்காக அல்ல, ஓட்டத்துக்காகவே பல இனங்களைக் கலந்து உருவாக்கியவை. ஒல்லியான உடம்பு, இருபதிலிருந்து இருபத்தைந்து கிலோ எடை. 30 பாகை வெயிலில் கல்கிசைக் கடற்கரையில் நிற்பவருக்கு நம்பக் கடினம்: மறை 15 பாகையில்தான் இவை சுகமாக ஓடும். பூச்சியத்தை நெருங்கினாலே புழுக்கத்தில் நாக்கைத் தொங்கவிடும்.

புதியவருக்கு முதலில் பண்ணையின் தடித்த மேலங்கியும் சப்பாத்தும் கொடுப்பார்கள். பிறகு சேணம் பூட்டப் பழக்குவார்கள். நாயைக் கால்களுக்கிடையே நிறுத்தி, தலையை நுழைத்து, முன்கால்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட வேண்டும். நடுக்கயிற்றின் இரு பக்கமும் சோடி சோடியாக நாய்களைக் கட்டுவர். முன்னால் நிற்பவை கட்டளை புரிந்தவை. வண்டியை ஒட்டி நிற்பவை பலசாலிகள். யாழ்ப்பாணத்து மாட்டுவண்டிச் சவாரியில் நாணயக்கயிறாவது கையில் இருக்கும். இங்கே கடிவாளமே கிடையாது. எல்லாம் வாய்ச் சொல்தான்.

ஒரு வண்டிக்கு வழமையாக நான்கு முதல் ஆறு நாய்கள். ஒருவர் உட்கார, மற்றவர் பின்னால் சறுக்குக் கட்டைகளில் நின்று ஓட்டுவார். அவர் மறக்கக்கூடாதது ஒன்று: விழுந்தாலும் கைப்பிடியை விடக்கூடாது. விட்டால் நாய்கள் வண்டியோடு போய்விடும். புறப்படும்வரை அவை குரைத்து, ஊளையிட்டு, துள்ளிக் கயிற்றை இழுக்கும். பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழாது. பனியில் குத்திய இரும்புக் கொக்கியைப் பிடுங்கி, பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் சத்தம் சட்டென்று அடங்கும். பிறகு மூச்சும் பனி அரைபடும் ஒலியும்தான்.

ஓட்டம் பெரும்பாலும் பிரேக்கில்தான் இருக்கிறது. இறக்கத்தில் அதை அழுத்தாவிட்டால் கயிறு தளர்ந்து, வண்டி பின்னிரண்டு நாய்களின் காலில் மோதும். ஏற்றத்தில் இறங்கித் தள்ள வேண்டும், அல்லது ஒரு காலால் உந்த வேண்டும். சும்மா நிற்பவரை நாய்கள் திரும்பிப் பார்க்கும். அந்தப் பார்வையில் மரியாதை இராது.

பயணி பார்ப்பது ஒரு மணித்தியாலத்தை. பண்ணைத் தொழிலாளியின் நாள் விடியுமுன்பே தொடங்கிவிடும். குளிரில் நாய் வெறுந்தண்ணீரை விரும்பிக் குடிக்காது என்பதால் இறைச்சி கரைத்த வெந்நீர் வைக்க வேண்டும். கழிவு அள்ள வேண்டும். வைக்கோல் மாற்ற வேண்டும். ஓட்டம் முடிந்ததும் ஒவ்வொரு பாதத்தையும் விரித்து, விரலிடுக்கில் உறைந்த பனிக்கட்டியைச் சுரண்டி, வெடிப்புக்கு மருந்து பூசுவார்கள். இவர்களில் பலர் ஐரோப்பாவின் பிற நாடுகளிலிருந்து பருவகால வேலைக்கு வரும் இளையோர். இருந்தாலும் இருட்டில் நடையை வைத்தே எந்த நாயென்று சொல்கிறார்கள். கட்டணத்தில் பெரும் பங்கு நியாயமாக இந்த வேலைக்கே உரியது.

இந்தக் கலை ஒருகாலத்தில் உயிர் காத்திருக்கிறது. 1925இல் அலாஸ்காவின் நோம் நகரில் தொண்டைக்கரப்பான் பரவியபோது, சுமார் 1,085 கிலோமீற்றர் தூரத்துக்கு 20 ஓட்டிகள் கைமாற்றி மருந்தைக் கொண்டுசேர்த்தார்கள். அவர்களில் ஆகக் கூடிய தூரம் ஓடியவர் வட நோர்வேயில் பிறந்த லியோனார்ட் செப்பலா. இன்று அல்தாவில் 1981 முதல் நடக்கும் பின்மார்க் ஓட்டம் ஐரோப்பாவின் மிக நீண்ட நாய்வண்டிப் போட்டியாகக் கருதப்படுகிறது.

மார்கழியில் அங்கே சூரியன் எழாது. வெளிச்சம் வேண்டுவோர் மாசி, பங்குனியில் போகலாம். கொழும்பில் ஹஸ்கிக் குட்டி வாங்கிக் குளிரூட்டிய அறையில் வளர்க்க நினைப்பவர்கள் அந்த எண்ணத்தை விட்டுவிட வேண்டும். ஓடப் பிறந்த நாய்க்கு நமது வெயிலும் பூட்டிய அறையும் ஒரே கொடுமைதான்.