மெட்டுக்குச் சொல் தேடுகிறவர்கள்

நண்பர் ஒருவரின் அக்கா மகன், பாட்டு எழுத வேண்டுமென்று புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து சென்னைக்கு வந்திருக்கிறான். "நல்லாத்தான் எழுதுறான். யாருகிட்ட போய்க் கத்துக்கிறதுன்னுதான் தெரியல. நீங்க கொஞ்சம் பாருங்க" என்றார் நண்பர். எனக்குப் பழக்கமான பாடலாசிரியர் ஒருவரிடம் அவனை அழைத்துப்போனேன். பல ஆண்டுகளாகப் படங்களுக்கும் தொடர்களுக்கும் பக்தி ஆல்பங்களுக்கும் எழுதி வருகிறவர். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். சாலிகிராமத்தில் மாடி அறை. அந்தத் தெருவில் எல்லோருக்கும் அவர் 'கவிஞர்'தான்.

பையன் கவிதை நோட்டை நீட்டினான். கவிஞர் நிதானமாகப் படித்தார். "கவிதை நல்லா இருக்கு தம்பி. ஆனா இத யாரு பாடுறது?" என்று கேட்டுவிட்டு, தன் செல்போனில் ஒரு வாய்ஸ் நோட்டைப் போட்டார். இசையமைப்பாளர் ஆர்மோனியத்தோடு பாடி அனுப்பிய மெட்டு. சொல் ஒன்றும் இல்லை, தத்தகாரம்தான்: தானதன தனனா, தானதன தனனா. இன்று பெரும்பாலான திரைப்பாட்டுகளுக்கு மெட்டுதான் முதலில் வருகிறது. கதையில் எந்த இடம் என்று இயக்குநர் ஓரிரு வாக்கியத்தில் சொல்வார். வேலைக்காக ஊரை விட்டுப் போகிறவன் பேருந்தில் இருக்கிறான், அவ்வளவுதான் இந்தப் பாட்டுக்குச் சொல்லப்பட்டது.

பையன் கொஞ்ச நேரத்தில் எழுதிவிட்டான்: 'போனவழி மறந்து'. கவிஞர் பாடிக் காட்டச் சொன்னார். கடைசி இடத்தில் மெட்டு மேலே ஏறி, அங்கேயே நீண்டு நிற்கிறது. 'து' என்று முடிந்தால் உதடு குவிந்துவிடுகிறது; மேல் ஸ்தாயியில் குரல் விரிய இடமில்லை. அதோடு 'மறந்து' நடுவிலேயே மெய்யெழுத்தில் முட்டி நிற்கிறது. "இந்த எடத்துல வாய் தொறக்கணும் தம்பி. ஆ வேணும், இல்ல ஏ வேணும்." பையன் அடித்து அடித்து எழுதினான். கடைசியில் 'போனவழி வருமா' என்று வந்தது. கவிஞர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பாத்தியா? நீ மொதல்ல ஒரு செய்தி சொன்ன. மெட்டு அத கேள்வியா மாத்திடுச்சு. இப்பத்தான் பஸ்ஸுல ஒருத்தன் உக்காந்திருக்கான்."

கவிதை வேறு, பாட்டு வேறு என்று எத்தனையோ மேடைகளில் கேட்டிருக்கிறேன். அந்த வேறுபாட்டைக் கண்ணெதிரே கண்டது அந்த மாடி அறையில்தான்.  

அலமாரியில் ஒரு பழைய டேப்ரெக்கார்டர் இருந்தது. தி.நகரில் துணிக்கடையில் வேலை பார்த்த காலத்தில் கவிஞர் முதல் சம்பளத்தில் வாங்கியதாம். ரீவைண்ட் பொத்தானில் எழுத்தெல்லாம் தேய்ந்து வழவழவென்று இருக்கிறது. கடை மூடி அறைக்கு வந்ததும் ஒரு கேசட்டைப் போடுவார். ஒரு வரி ஓடவிட்டு நிறுத்துவார். குறிலுக்குப் புள்ளி, நெடிலுக்குக் கோடு என்று தாளில் குறிப்பார். மறுபடி பின்னே ஓட்டுவார். பாட்டு முழுதும் புள்ளியும் கோடுமாக ஆனபின் கேசட்டை எடுத்து வைத்துவிட்டு, அதே சந்தத்தில் வேறொரு விஷயத்தை எழுதுவார். காதல் பாட்டின் சந்தத்தில் தண்ணீர்ப் பஞ்சம், தாலாட்டின் சந்தத்தில் தேர்தல். யாரும் கேட்டதில்லை, எங்கும் வந்ததில்லை. அதுதான் அவருடைய பள்ளிக்கூடம்.

பையனுக்கும் அதையே சொன்னார். கூடவே திருப்புகழை உரக்கப் படி என்றார். பல பதிப்புகளில் பாட்டுக்கு மேலே சந்தக்குறிப்பு தனியாக அச்சிட்டிருக்கும். அதை முதலில் வாயால் சொல்லி, பிறகு அருணகிரிநாதர் அதில் எப்படிச் சொல்லை இறக்கியிருக்கிறார் என்று பார்க்க வேண்டும். அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்தையும் படிக்கச் சொன்னார். கடைசியில்தான் சினிமாப் பாட்டு.

"எழுத வராத அன்னைக்கு என்ன பண்ணுவீங்க ஐயா?" என்று பையன் கேட்டான்.

"சொல் சேப்பேன்."

விடியுமுன் கோயம்பேடு பூ மார்க்கெட்டுக்குப் போய் நிற்பாராம். மூட்டை இறக்குகிறவர்கள், உதிரிப்பூ வாங்க வரும் பெண்கள், விலை பேசுகிறவர்கள் என எல்லோர் பேச்சையும் கேட்டு வந்து நோட்டில் ஏற்றுகிறார். அந்த நோட்டு அகரவரிசையில் இல்லை. சொல் எந்த ஓசையில் முடிகிறது என்பதைப் பார்த்துப் பிரித்திருக்கிறார்: ஆ பக்கம், ஏ பக்கம், ஓ பக்கம், 'ம்' என்று முனகி முடிகிற சொற்களுக்குத் தனிப் பக்கம். பல ஆண்டுச் சேகரம். ஊக்கம் எங்கிருந்து வருகிறது என்று கேட்கிறவர்கள் அந்த நோட்டைப் பார்க்க வேண்டும். திரைப்பாடலாசிரியர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரமும் இப்படிக் கேட்டுச் சேர்த்தவர்தான். 29 வயதில், 1959இல் இறந்துபோனார். அதற்குள் அவர் எழுதியது இன்றும் நிற்கிறதென்றால், பாட்டுக்கு வருமுன் வயலிலும் மற்ற வேலைகளிலும் உழைக்கிறவர்களோடு உழைத்து, அவர்கள் பேச்சைக் காதில் ஏற்றிக்கொண்டு வந்தவர் என்பது முக்கியமான காரணம்.

இவ்வளவு உழைப்புக்கு என்ன கிடைக்கிறது? கவிஞர் எழுதிக் கொடுத்த பாட்டுகளில் பல படத்தில் வரவே இல்லை. பாட்டு வந்தால்தான் பணம் என்பார்கள். பல்லவியை மட்டும் வைத்துக்கொண்டு சரணத்தை வேறொருவரிடம் வாங்குவார்கள். வாய்ப்பு வாங்கித் தருகிறேன் என்று புதுப் பையன்களிடமே பணம் கறக்கிற இடைத்தரகர்கள் டீக்கடைதோறும் இருக்கிறார்கள். ஊரில் நகையை அடகு வைத்து அந்தப் பணத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனவர்களைக் கவிஞருக்குத் தெரியும். சொல்லை விற்றுப் பிழைக்க வந்தவனிடம் காசு பிடுங்குவது திருட்டு. செயலிகளில் பாட்டைத் தேடினால் நடிகர் பெயர் வருகிறது, பாடகர் பெயர் வருகிறது, எழுதியவர் பெயர் எத்தனையோ பாட்டுகளில் இல்லை. இதைச் சின்ன விஷயம் என்று நான் நினைக்கவில்லை.

சட்டமோ பாட்டெழுதுகிறவன் பக்கம்தான் இருக்கிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 2012இல் திருத்தப்பட்டது. மாநிலங்களவை உறுப்பினராக இருந்த கவிஞர் ஜாவேத் அக்தர் அதற்காகக் கடுமையாக வாதாடினார். அதன்படி, திரையரங்கில் படத்தோடு ஓடுவது தவிர வேறு எவ்விதத்தில் பாட்டு பயன்பட்டாலும் ராயல்டியில் பாடலாசிரியருக்குச் சமபங்கு உண்டு. தயாரிப்பாளருக்கோ இசை நிறுவனத்துக்கோ அந்த உரிமையை எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. எழுதியவன் இறந்த பின்னும் 60 ஆண்டுகள் பதிப்புரிமை நிற்கிறது. 'இது என் பாட்டு' என்று உரிமை கோருவதை யாரும் விலைக்கு வாங்க முடியாது.

பாட்டெழுத வருகிற தம்பி தங்கைகளுக்கு: வாய்ப்புக்காக யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள். எழுதிய ஒவ்வொரு பிரதியிலும் தேதி போட்டு வையுங்கள். நீட்டுகிற தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். முதல் பாட்டு வெளிவந்ததும், ராயல்டி வசூலித்துத் தரும் ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பில் உறுப்பினராகச் சேர்ந்து, பாட்டைப் பதிவு செய்யுங்கள்.