மலையும் கடலும் சொன்ன ஆறுதல்

கல்யாணம், பிரசவம், வீடு மாற்றம், பெண் புக்ககம் போவது, பிள்ளை வெளியூருக்குப் படிக்கப் போவது, பெரியவர்களின் மறைவு... நம் பெண்களின் வாழ்க்கையில் மாற்றங்களுக்குப் பஞ்சமே இல்லை. நல்ல மாற்றமோ கெட்ட மாற்றமோ, அடுப்படி வேலையை நிறுத்திவிட்டு அதை உட்கார்ந்து யோசிக்க நமக்கு நேரம் கிடைப்பதில்லை. மனசு மட்டும் உள்ளுக்குள் தவித்துக்கொண்டே இருக்கும். இந்தத் தவிப்புக்கு மனோதத்துவம் ஒரு வழி சொல்கிறது; பக்தி ஒரு வழி சொல்கிறது. இரண்டும் ஒரே பாதையில் கைகோத்து நடப்பதைப் பார்க்க வேண்டுமானால், செங்கற்பட்டிலிருந்து மாமல்லபுரம் கடற்கரை வரை ஒரு நாள் போய் வாருங்கள், சகோதரிகளே!

நான் போனது என் ஓர்ப்படியுடன். என் கொழுந்தனார் காலமாகி எட்டு மாதம் ஆகியிருந்தது. அதுவரை அவள் வாசல்படி தாண்டவில்லை. சமைப்பாள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவாள், பிறகு சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவாள். அவளைப் பரிசோதித்த டாக்டர், "மருந்து வேண்டாம், ஆனால் வெளிக்காற்றும் பழகின மனுஷர்களும் வேண்டும்" என்றார். அப்படிக் கிளம்பியதுதான் இந்தப் பிரயாணம்.

1967ல் ஹோம்ஸ், ராஹே என்ற இரண்டு அமெரிக்க டாக்டர்கள், வாழ்க்கையில் வரும் 43 மாற்றங்களை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றும் மனசுக்கு எவ்வளவு பாரம் என்று மதிப்பெண் போட்டார்கள். கணவனையோ மனைவியையோ இழப்பதற்கு 100. அதுதான் முதலிடம். ஆச்சரியம் என்னவென்றால், சந்தோஷமான கல்யாணத்துக்கே 50 மதிப்பெண்! கர்ப்பத்துக்கு 40, வீட்டில் புது ஜீவன் வருவதற்கு 39, பிள்ளையோ பெண்ணோ வீட்டை விட்டுப் போவதற்கு 29, வீடு மாற்றுவதற்கு 20. நல்ல காரியம் நடந்தும் ஏன் அழுகை வருகிறது என்று குழம்பும் புது மணப்பெண்களும் இளம் தாய்மார்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். மாற்றம் என்றாலே பாரம்தான். அதைச் சுமப்பவர் பலவீனமானவர் என்று அர்த்தம் இல்லை.

சென்னையிலிருந்து மின்சார ரயிலில் வந்தால், செங்கற்பட்டு நெருங்கும்போது கொளவாய் ஏரி கண்ணுக்கு எட்டிய தூரம் விரிந்து கிடக்கும். அங்கிருந்து பஸ்ஸில் அரை மணி நேரத்துக்கு மேல் போனால் திருக்கழுக்குன்றம். மலைமேல் வேதகிரீஸ்வரர், அடிவாரத்தில் பக்தவத்சலேஸ்வரரும் திரிபுரசுந்தரி அம்மனும். மலைக்கு ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள். வெயில் ஏறும் முன்பே ஏறிவிடுவது நல்லது.

பாதி வழியில் என் ஓர்ப்படிக்கு மூச்சு வாங்கியது. உட்கார வைத்தேன். மெதுவாக மூச்சை இழுத்து, இழுத்ததைவிட நிதானமாக வெளியே விடச் சொன்னேன். மூச்சை நீட்டி விடும்போது இருதயத் துடிப்பு தணிகிறது, உடம்பு பதற்றத்திலிருந்து இறங்குகிறது என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். நம் பாட்டிமார் ஒவ்வொரு படிக்கும் "சிவ சிவா" என்று சொல்லி ஏறினார்களே, அதிலும் மூச்சு தானாகவே ஒரு கணக்குக்கு வந்துவிடுகிறது. அன்று நாங்களும் அப்படியே ஏறினோம். மனசு அடுத்த படியைத் தவிர வேறு எங்கும் போகவில்லை.

இந்த ஊருக்குப் பெயர் கொடுத்ததே கழுகுகள்தான். உச்சிவேளையில் இரண்டு கழுகுகள் வந்து அர்ச்சகர் கையிலிருந்து சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டுப் போகும். இதைப் பார்க்கவே ஜனங்கள் எங்கிருந்தெல்லாமோ வந்தார்கள். 1990களோடு அந்த வரவு நின்றுபோனது. நம் தேசம் முழுவதும் பாறுக் கழுகுகள் அருகிப்போன காலம் அது. மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து, செத்த மாட்டைத் தின்ற கழுகுகளுக்கு விஷமானது முக்கியக் காரணம் என்று கண்டுபிடித்து, 2006ல் மாட்டு வைத்தியத்தில் அதைத் தடை செய்தார்கள்.

கழுகு வராவிட்டாலும் கோயிலில் பூஜை நிற்கவில்லை; மலையைச் சுற்றி வருகிறவர்களும் நிற்கவில்லை. என் ஓர்ப்படி கழுகு வந்து போன பாறையை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "வராதுன்னு தெரிஞ்சும் எல்லாரும் அங்கேதான் பார்க்கிறாங்க, இல்லே அக்கா?" என்றாள். "ஆமாம், பார்த்துட்டு சாமி கும்பிடப் போறாங்க" என்றேன். எட்டு மாதத்தில் அவள் தானாகப் பேசிய முதல் வார்த்தை அது.

அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் மாமல்லபுரம். பல்லவர்கள் ஏழாம், எட்டாம் நூற்றாண்டுகளில் செதுக்கிய இந்தச் சிற்பங்களை 1984ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. எல்லோரும் அர்ஜுனன் தபசு முன்னால் நின்று யானைகளைப் பார்ப்பார்கள். நீங்கள் பக்கத்திலேயே இருக்கும் கிருஷ்ண மண்டபத்துக்குள்ளும் போய்ப் பாருங்கள். இந்திரன் கோபத்தில் பெருமழை பெய்ய, கண்ணன் கோவர்த்தன மலையைத் தூக்கிப் பிடித்திருக்கிறான். அந்த மலைக்கு அடியில் ஓர் இடையன் நிம்மதியாகப் பால் கறந்துகொண்டிருக்கிறான்! பசு தன் கன்றை நக்கிக் கொடுக்கிறது. இடிந்துபோனவர்களுக்கு மனநல டாக்டர்கள் சொல்லும் முதல் யோசனையும் இதுவேதான். எழுந்திருக்கும் நேரம், குளிக்கும் நேரம், சாப்பாட்டு நேரம் ஆகியவற்றை விடாதீர்கள். அன்றாட வேலையில் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள், மனசு அதன் பின்னாலேயே வரும் என்கிறார்கள்.

அங்கிருந்து இரண்டு எட்டு வைத்தால் ஸ்தலசயனப் பெருமாள் கோயில். 108 திவ்ய தேசங்களில் ஒன்று. பூதத்தாழ்வார் அவதரித்த ஊரும் இதுதான். பாற்கடலில் பள்ளிகொண்ட பெருமாளுக்குத் தாமரைப் பூக்களைச் சமர்ப்பிக்க நினைத்த புண்டரீக மகரிஷி, குறுக்கே நின்ற கடலைக் கையால் இறைக்க ஆரம்பித்தாராம். ஒரு கிழவர் வந்து பசிக்கிறது என்றார். ரிஷி இறைப்பதை நிறுத்திவிட்டுச் சாப்பாடு கொண்டுவரப் போனார். திரும்பி வந்தால் கிழவர் இல்லை. பாம்பணை கூட இல்லாமல் வெறும் தரையிலேயே பெருமாள் படுத்திருந்தார் என்பது ஸ்தல புராணம்.

நாமும் இப்படித்தான் கடலை இறைக்கிறோம். போனவர் திரும்பி வரணும், பெண் மறுபடி சின்னக் குழந்தையாகணும், உடம்பு பழையபடி ஆகணும் என்று நினைத்து நினைத்துக் கை ஓய்ந்துபோகிறோம். நம்மால் ஆகாததை விட்டு, நம்மால் ஆவதைச் செய்வது என்று மனோதத்துவம் சொல்வதைத்தான் இந்தக் கதை ஒருவருக்குச் சோறு போடுவதில் காட்டுகிறது.

கடற்கரைக் கோயிலுக்கு நுழைவுச் சீட்டு உண்டு. 2004 டிசம்பர் 26ல் சுனாமி இந்தக் கரையையும் தாக்கியது. மறு வருஷம் பக்கத்துச் சாளுவன்குப்பத்தில் மணலுக்கடியில் புதைந்து கிடந்த ஒரு பழைய முருகன் கோயிலைத் தொல்பொருள் துறையினர் கண்டெடுத்தார்கள். இன்றைக்கும் மீனவப் பெண்கள் அதே கடலை நம்பித்தான் கூடையோடு நிற்கிறார்கள்.

கடைசியாக, கோவளம் போகும் வழியில் திருவிடந்தை. நித்யகல்யாணப் பெருமாள், வராகராகத் தாயாரை இடப்பக்கம் ஏந்தி நிற்கும் கோயில். காலவ மகரிஷியின் 360 பெண்களைத் தினம் ஒருத்தியாக மணந்தார் என்பது ஐதீகம். கல்யாணத் தடை உள்ளவர்கள் மாலை கொண்டுவந்து வேண்டி, பிரசாதமாகக் கிடைத்த மாலையை அணிந்து ஒன்பது முறை சுற்றுவார்கள்.

வாசலிலேயே என் ஓர்ப்படி நின்றுவிட்டாள். "நீங்க போயிட்டு வாங்க அக்கா. கல்யாணம் ஆகணும்னு வர்ற பொண்ணுங்க எதிர்ல நான் எதுக்கு?" என்றாள். "உன் இஷ்டம். ஆனா பெருமாளுக்கு நீ யாருக்கும் குறைச்சலில்லை" என்றேன். சற்று நேரம் கழித்து அவளே என் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். அர்ச்சகர் வரிசையில் எல்லோருக்கும் போலவே அவளுக்கும் தீர்த்தம் தந்து சடாரி வைத்தார். பிராகாரத்தில் ஒரு பெண்ணின் அம்மா, மகளின் மாலை நழுவியதைச் சரிசெய்ய, "கொஞ்சம் பிடிச்சுக்கோங்கம்மா" என்று பூக்கூடையை அவள் கையில் கொடுத்தாள். பிடித்துக்கொண்டாள். அப்புறம் மதிலோரம் உட்கார்ந்து நன்றாக அழுதாள். நான் தடுக்கவில்லை.

பயந்து ஒதுங்கும் இடத்துக்குத் துணையோடு, அவரவர் சம்மதத்தோடு, கொஞ்சம் கொஞ்சமாகப் போனால் பயம் குறையும் என்பது மனநல வைத்தியத்தில் கையாளும் முறை. கட்டாயப்படுத்தினால் நேர்மாறாகிவிடும். இந்தத் திருவிடந்தையிலேயே, 1993ல் சென்னையில் தொடங்கிய 'பேன்யன்' என்ற மனநலத் தொண்டு அமைப்பின் கல்வி நிலையமும் இருக்கிறது. கோயிலும் மனநலப் படிப்பும் ஒரே ஊரில்!

ஆனால் ஒன்று, சகோதரிகளே. கோயிலுக்குப் போனால் போதும், டாக்டர் வேண்டாம் என்று இருந்துவிடாதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம், பசி இல்லாமல் போனாலோ, பிரசவித்த தாய்க்குக் குழந்தையிடமே ஒட்டுதல் வராமல் அழுகையாக இருந்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஒரு தரம் எட்டிப் பார்த்தாலும் ஒரு நாளும் தள்ளிப்போட வேண்டாம். 2022ல் மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' சேவைக்கு 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம். தமிழிலேயே பதில் சொல்வார்கள். சமையலறைக் காலண்டரில் இந்த எண்ணை இன்றே எழுதி வையுங்கள்.

மார்கழி, தை மாதங்களில் இந்தப் பக்கம் வெயில் உறைக்காது. கட்டுச் சோறும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் ஒருத்தி உங்களுக்குத் தெரிந்திருந்தால், அவளையும் கூட வரச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள்.